பின்னால் எறிந்த பிடி

நடன ஆசிரியைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் சனிக்கிழமைகளில் அக்கரப்பத்தனைக் கோயில் மண்டபத்தில் மூன்று பெண்கள் என்னிடம் வருவதுண்டு. மூவரும் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் நடனம் கற்பிப்பவர்கள்; தாங்களே புதிதாக அமைத்த ஆடல்களைக் காட்டிக் கருத்துக் கேட்பார்கள். நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: "என்னய மாதிரி ஆடாதீங்க. ஒங்களுக்குச் சொந்தமானதத் தேடுங்க." அதை மனமறிந்தே சொன்னேன். அதனால்தான் இதை எழுதக் கூசுகிறது.

மூவரில் இளையவள் கொழுந்து பறிப்பவரின் மகள். அதிகம் பேசமாட்டாள். சென்ற திருவிழாவுக்கென்று ஓர் ஆடலை அமைத்து வந்தாள். பாட்டு நான் எழுதிக் கொடுத்தது. அம்மனை மலைக்கெல்லாம் தாயாகப் பாடிய எட்டு அடிகள். அவளிடம் பயிலும் ஆறு சிறுமிகள் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்கள். இரண்டு கைகளும் முன்னே விரைந்து கொழுந்து ஒடித்தன. பிடி நிறைந்ததும் தலை திரும்பாமலே தோளுக்கு மேலாகப் பின்னால் எறிந்தன. முதுகில் கூடை இல்லை. ஆயினும் கொழுந்து கூடைக்குள் விழுவதைக் கண்டேன். பாட்டில் அம்மனின் திருநாமம் வந்தபோதும் அக்கைகள் நிற்கவில்லை. அந்தத் திருநாமத்தோடு ஒரு பிடி பின்னால் போயிற்று.

மெய் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பை நான் நம்பியிருக்க வேண்டும். பதிகம் ஓதிப் பழகிய நாவு முந்திக்கொண்டது.

"சாமிக்குக் குடுக்கிறத யாராச்சும் பின்னால எறிவாங்களா?"

"எறியல டீச்சர். அது சேக்கிறது. எங்கம்மா அப்பிடித்தான்..."

"ஒங்கம்மா மலையில செய்றது வேற. இது சந்நிதி."

நான் எழுந்து சிறுமிகளை முன்பக்கம் திருப்பினேன். கடகாமுக முத்திரையில் மூன்று விரல்களைக் குவித்து, மலர் கொய்வதுபோல் ஒவ்வோர் இலையாக எடுத்து, இரு கைகளிலும் ஏந்தி அம்மனுக்கு நீட்டக் கற்பித்தேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. மற்ற இருவரும், "இப்பதான் டீச்சர் அழகா இருக்கு" என்றார்கள். அவளும் தலையசைத்தாள்.

திருவிழாவன்று ஆடல் முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். என் பின்வரிசையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் அமர்ந்திருந்தார்கள்.

"ஏண்டி, நம்ம புள்ளைங்க என்னத்தப் பறிக்குதுங்க? ரோசாப்பூவா?"

"இப்பிடி ஒவ்வொண்ணா கும்புட்டுப் பறிச்சா வேல வாங்குற கண்டாக்கு ஐயா மலைய விட்டே வெரட்டிருவாரு!"

அங்கே சிரிப்பு எழுந்தது. இளையவளுடைய தாயின் குரல் மட்டும் தனியே கேட்டது: "வீட்டுல எங்கிட்டக் கேட்டுக் கேட்டு வேற மாதிரில்ல பழகுனா."

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இறைவனிடம் சண்டையிட்டுப் பாடியவர், அழுது பாடியவர், தோழனைப்போல் உரிமையோடு கேட்டுப் பாடியவர் என்று அடியார்கள் பலரையும் வாழ்நாளெல்லாம் வியந்து ஓதியவள் நான். அவரவர் நாவில் வந்ததை இறைவன் ஏற்றுக்கொண்டான் என்று மேடைகளில் விளக்கியிருக்கிறேன். ஒரு பெண் தன் தாயின் கையால் அம்மனை வழிபட்டபோது, அதைத் திருத்தியவளும் நானே. மறுவாரமே அவளிடம் சொல்லியிருக்கலாம். வயதில் மூத்தவள் என்னும் கூச்சம் தடுத்தது, மாதங்கள் கழிந்தன.

அதன் பின் அவள் எதையும் கேட்காமல் செய்வதில்லை. கடந்த சனிக்கிழமை ஒரு புதிய ஆடலைக் கொண்டுவந்தவள், முதல் அடியிலேயே நின்றுவிட்டாள்.

"இந்த எடத்துல கைய எங்க வைக்கணும் டீச்சர்?"

"நீயே வச்சுப் பாரும்மா."

"இல்லங்க டீச்சர், நீங்களே சொல்லிருங்க. பெறகு மாத்த வேண்டி வராதில்ல."

குத்தலாக அவள் சொல்லவில்லை; அதுதான் என்னைத் தைத்தது.

"எனக்குத் தெரியாதும்மா. அன்னைக்கும் தெரியாமத்தான் மாத்துனேன். ஒன்னோடதுதான் சரி."

நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று அவளுக்குத் தோன்றவில்லை. முகம் வெளிறி, "நான் எதும் தப்பாக் கேட்டுட்டனா டீச்சர்? கோவிச்சுக்காதீங்க," என்றாள். பிறகு கைகள் இரண்டையும் தொங்கவிட்டு, என் அடுத்த சொல்லுக்காகக் காத்து நின்றாள்.