மென்டல் ரூமுக்குப் புதுப் பெயர்

துபாய் அல் குசைஸில் உள்ள எங்கள் தொழிலாளர் கேம்ப்பின் மனநலச் சேவையை ஆராய்ந்த நலக்குழு, இன்று காலை வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவொன்றை எடுத்தது. ஆலோசனை அறையின் பலகை இனி பச்சை நிறத்தில் இருக்கும். பெயர், "மகிழ்ச்சி அறை".

"மென்டல் ரூம்" என்று எல்லோரும் கிண்டல் செய்வதால்தான் ஒருவரும் வருவதில்லையாம்.

என் ரூமில் இருக்கும் செல்வம் கட்டடச் சாரத்தில் ஏறி வேலை செய்பவன். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை. கூட்டத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அண்ணே, அந்த ரூம் சாவி இன்னும் ஃபோர்மேன்கிட்டதான் வாங்கணுமா?"

"ஆமாப்பா. என்ன பிரச்சனைன்னு அவர் நோட்டுல எழுதிட்டு வாங்கிக்க. எல்லாம் ரகசியம்தான்" என்றார் குழுத் தலைவர்.

ஃபோர்மேன் எழுந்தார். "யல்லா, மகிழ்ச்சி வேணுங்கறவன்லாம் லைன்ல வாங்கடா!"

கூட்டமே சிரித்தது.

பலகையின் படம் இந்தப் பதிவின் கீழே. நிறம் எப்படி என்று சொல்லுங்கள்.

செல்வம் சாவி வாங்கவில்லை. மதியம் பதினான்காவது மாடிச் சாரத்தில் அவனுக்கு டூட்டி.