முகத்துவாரம் வெட்டிய அன்று நாங்கள் நடந்த நடை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சாந்து சுமந்து, மேசன் வேலை பழகி, நாவற்குடாவில் எனக்கென்று ஒரு கல்வீடு கட்டினேன். யுத்தத்தில் அது இடிந்தது. திரும்பவும் கட்டினேன். வாவிக்கு அக்கரையில், நாங்கள் படுவான்கரை என்று சொல்லும் பக்கத்தில், பற்றைக் காடாகக் கிடந்த நிலத்தை வெட்டி வயலாக்கினேன். அந்த வயலுக்குப் போகும் பாதையில் ஓடைக்குக் குறுக்கே ஒரு தாம்போதி இருக்கிறது. வெள்ளம் மேலால் வழிந்து போகட்டும் என்று பதித்துக் கட்டுகிற தரைப்பாலம். அதற்குக் கொங்கிரீட் போட்டதும், ஓரத்துக் கட்டைகளை நட்டதும் இந்தக் கைதான். இரண்டு பெண்பிள்ளைகளையும் பட்டம் பெறும்வரை படிக்க வைத்தேன். ஒன்றையும் யாரும் எனக்குத் தூக்கித் தரவில்லை.

எங்கள் குடும்பத்தில் நத்தார் நடையை, கிறிஸ்மஸ் கால நடையை, உண்டாக்கியதும் நான்தான். ஆழிப்பேரலைக்குப் பிறகு நத்தாரை அடுத்து வரும் நாட்களில் எங்கள் வீட்டில் ஒருவரும் கடற்கரைப் பக்கம் போவதில்லை. கோயிலில் அழுதுவிட்டு வந்து மூலைக்கு ஒருவராகப் படுத்துக் கிடப்பார்கள். ஒரு வருடம் எனக்குப் பொறுக்கவில்லை. "எழும்புங்க, வட்டைக்குப் போய் நெல்லப் பாத்திட்டு வருவம்" என்று எல்லாரையும் வயலுக்குக் கிளப்பிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு ஒரு மார்கழியும் தவறியதில்லை. முழங்கால் உயரத்தில் பச்சை நெல், வரப்பெல்லாம் கொக்கு, முகத்தில் அடிக்கிற மாரிக் குளிர். மனைவி முறுக்கும் கேக் துண்டும் கட்டிக்கொள்வாள். பிளாஸ்க்கில் இஞ்சித் தேத்தண்ணி. அந்த நடைகளை நினைத்தால் இப்போதும் வாயில் இஞ்சி உறைக்கிறது.

நான் சொல்ல வந்தது நாலு வருடத்துக்கு முந்திய மார்கழியில் நடந்தது. வெளிநாட்டில் இருக்கும் இளைய மகள், மருமகனோடும் ஆறு வயதுப் பேத்தியோடும் வந்திருந்தாள். அந்த முறை கடும் மழை. வாவி நிறைந்து வயலுக்குள் ஏறிவிட்டது. இப்படி நேரத்தில் முகத்துவாரத்தில் கடலையும் வாவியையும் பிரித்து நிற்கும் மணல் மேட்டை வெட்டிவிடுவார்கள். வெட்டினால் வெள்ளம் கடலுக்கு ஓடும், நெல் தப்பும். வெட்டச் சொல்லிக் கேட்ட விவசாயிகள் கூட்டத்தில் எல்லாரையும்விடச் சத்தம் போட்டவன் நான். "நாளைக்கு விடிய வெட்டுறம்" என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாள் விடியத்தான் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு நடைக்கும் போனேன். வயல் தெரிந்தவர்களுக்கு என் பிழை இப்போதே விளங்கியிருக்கும்.

போகும்போது தாம்போதியின் மேல் கணுக்கால் அளவு தண்ணீர் அசையாமல் நின்றது. பேத்தி குனிந்து மீன்குஞ்சுகளை எண்ணினாள். மருமகன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, "அங்க பனிக்குள்ள நடக்கிறம், இஞ்ச சேத்துக்குள்ள நடக்கிறம். ரெண்டு இடத்திலயும் சப்பாத்துக்குத்தான் கேடு மாமா" என்றார். வயலில் ஒவ்வொரு வரப்பும் எப்படி வந்தது என்று நான் விளக்கிக்கொண்டு போனேன். "வட்டைக்கெல்லாம் அணை கட்டினார், இவர்ர வாய்க்கு மட்டும் ஒரு அணை கட்டேல்ல" என்று மனைவி மகளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. கேட்காதது போல நடந்தேன்.

மத்தியானம் திரும்பி வந்தபோது ஓடை வேறு ஓடையாக இருந்தது. முகத்துவாரம் வெட்டுப்பட்டு வாவி இறங்க, வயல்களில் தேங்கி நின்ற தண்ணீரெல்லாம் அந்த ஒரே வழியால் வாவியை நோக்கி இரைந்துகொண்டு போனது. கரை மேட்டில் ஒரு பெண் பத்துப் பன்னிரண்டு எருமைகளை ஒதுக்கி வைத்திருந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். பாவாடைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, கையில் கம்பு.

"ஐயா, இதால போகாதீங்க. தண்ணி சரியான இழுவை. பின்னேரம் குறைஞ்சிரும், மறுகா போகலாம்."

"இந்தத் தாம்போதியக் கட்டினது ஆரெண்டு தெரியுமாகா? நான்."

"தாம்போதிய நீங்க கட்டின. தண்ணிய ஆர் கட்டின?"

மருமகன் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புத்தான் என்னைத் தண்ணீருக்குள் இறக்கியது. மகள், "வேணாம் அப்பா, நிண்டு போவம்" என்றாள். மனைவி மட்டும் எனக்குப் பக்கத்தில் வந்தாள். கையை நீட்டினாள். ஐம்பது வருடமாக நான் போகும் இடத்துக்கெல்லாம் அப்படித்தான் கையைத் தந்தாள்.

பாதித் தூரத்தில் தண்ணீர் தொடைக்கு வந்தது. பாசி வழுக்கி அவள் கால் போய்விட்டது. சேலை தண்ணீரில் விரிந்து, ஆளையே ஓடைப் பக்கம் இழுத்தது. ஒரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். மறு கையால் ஓரத்துக் கட்டையைக் கட்டிக்கொண்டேன். அவ்வளவுதான். முன்னுக்கும் போக முடியாது, கிறுகித் திரும்பவும் முடியாது. அவள் முகம் ஒருமுறை தண்ணீருக்குள் போய் வந்தது. கரையில் பேத்தி குளறுகிற சத்தம். என் விரல்கள் மரத்துக்கொண்டு வருவது எனக்குத் தெரிந்தது.

அந்தப் பெண் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. பட்டிக்கு முன்னால் நடக்கும் பெரிய எருமையைக் கம்பால் தட்டி ஓடைக்குள் இறக்கினாள். தானும் அதன் கழுத்தோடு இறங்கினாள். எருமை மேல்பக்கத்தில் வந்து நிற்க, எங்கள் மேல் அடித்த தண்ணீர் கொஞ்சம் தணிந்தது.

"வாலப் புடிங்க ஐயா! கட்டைய விடுங்க!"

கட்டையை விட எனக்கு மனம் வரவில்லை. நான் நட்ட கட்டை, அசையாது. எருமை யாருடையதோ.

"கட்டை கரைக்கு வராது ஐயா! இது வரும்! விடுங்க!"

விட்டேன். வாலைப் பிடித்தேன். அந்தப் பெண் ஏதோ சத்தம் கொடுக்க, எருமை கிறுகி, எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு நாங்கள் இறங்கிய கரைக்கே ஏறியது.

மேட்டில் இருந்த தன் வாடிக்குள், ஓலைக் குடிலுக்குள், எங்களை இருத்தி, நெருப்பு மூட்டி, சுடச் சுட எருமைப்பால் தந்தாள். நடுங்கிக்கொண்டிருந்த என் மனைவிதான் முதலில் வாய் திறந்தாள். "கலியாணம் கட்டின நாளில இருந்து இவர்ர வாலப் புடிச்சுக்கொண்டு நான் திரிஞ்சன். இண்டைக்குத்தான் இவர் ஒரு வாலப் புடிச்சார்." அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் வெளியே நின்ற எருமைகள் திரும்பிப் பார்த்தன. பின்னேரம் தண்ணீர் குறைந்த பிறகு அவளே எங்களை அக்கரை சேர்த்தாள். கும்பிட்டேன். "அதுக்கென்ன ஐயா, அடுத்த நத்தாருக்குக் கேக் கொண்டு வாங்க" என்றாள். கொண்டுபோய்க் கொடுத்தோம், இரண்டு வருடம், நானும் மனைவியும்.

போன வருடம் மனைவி போய்விட்டாள். காய்ச்சல்தான், பத்து நாளில் முடிந்தது.

இப்போது பிள்ளைகள் கூடினால் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். அந்தப் பெண்ணையும் எருமையையும் சொல்கிறார்கள். சொல்லத்தான் வேண்டும், உயிர் தந்தவர்கள். என் வீம்பையும் சொல்கிறார்கள். அதுவும் சரி. இறங்கியது என் பிழை, அந்தப் பெண்ணின் சொல் கேட்காதது என் பிழை. தெரியாத ஒருவர் கரையில் நின்று ஒரு சொல் சொன்னால், இப்போது நான் நின்று கேட்கிறேன்.

ஆனால் ஒன்றை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். கரையில் நின்றவர்களுக்கு அது தெரிந்திருக்காது. கட்டையைப் பிடித்த கையை விட்டேன், மனைவியைப் பிடித்த கையை விடவில்லை. என் ஐந்து விரலும் அவள் மணிக்கட்டில் நீலமாகப் பதிந்து, இரண்டு கிழமைக்கு அவளால் காப்புப் போட முடியவில்லை. கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "பாருங்க இவர்ர பிடிய" என்று கையை நீட்டிக் காட்டினாள். அதைச் சொல்லித் திரிந்த ஒரே சாட்சி அவள்தான். அவள் இல்லாதபடியால் நானே எழுதுகிறேன். கதை சொல்லும்போது என் பங்கையும் சேர்த்துச் சொல்லுங்கள் பிள்ளைகளே: நான் அவளை விடவில்லை.