கல்யாண மண்டபத்தில் எடுத்த ஓட்டு

1. ஊரே பிரதிநிதி

காலநிலைத் திட்ட ஆலோசனைக் குழுவுக்குப் பொதுமக்கள் பிரதிநிதிகளை நியமிக்க வேண்டும் என்று நகராட்சி ஆணையர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். நான் அப்போது அலுவலக மேலாளர். ஓய்வு பெற அதிக நாள் இல்லை. ஓய்வு பெறப் போகிறவர்களுக்கு இப்படிப்பட்ட வேலைகள்தான் வரும். தப்பாகப் போனால் விளக்கம் கேட்க ஆள் இருக்காது என்பதில் எல்லோருக்கும் ஒரு வசதி.

செய்தி வெளியே போனதும் ஊரே பொதுமக்கள் பிரதிநிதி ஆகிவிட்டது. லாட்ஜ் உரிமையாளர்கள் ஒருவரை அனுப்பினார்கள். வியாபாரிகள் இரண்டு பேரை அனுப்பி, இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, ஒருவரை விட்டால் பிரச்சினை வரும் என்றார்கள். செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் மலையைச் சுற்றி மரம் நடும் திட்டத்தோடு வந்தார். நல்ல திட்டம்தான். அவருடைய விசா அடுத்த மாதம் முடிவதாக இருந்தது.

வந்தவர்களில் ஒருவர் வீட்டுக்குள்ளும் மழைத்தண்ணீர் வந்ததில்லை. இதை ஆணையரிடம் சொன்னேன். அவர் வெளியூர்க்காரர், நல்ல மனிதர்.

"தண்ணி வர்ற தெருவுல இருந்து ஒருத்தர் கட்டாயம் வேணும் மேடம். அவரை நீங்க செலக்ட் பண்ணாதீங்க. அந்த ஜனங்களே சொல்லட்டும்" என்றார்.

அந்த ஜனங்களைக் கூட்டிக் கேட்க அவரே ஒரு தேதியும் குறித்தார். அது பௌர்ணமி. அன்றைக்குக் கிரிவலக் கூட்டத்தில் நம் ஜீப்பே அலுவலகத்தை விட்டு வெளியே போகாது என்று சொல்லி மாற்றினேன்.

2. வடை

தண்ணீர் வருகிற தெரு என்றால் எங்களுக்கு ஏரிக்கரைத் தெருதான். மலைப்பக்கமிருந்து வரும் கால்வாய் அந்தத் தெருவை ஒட்டி ஏரிக்குப் போக வேண்டும். போகும் வழியில் தனசேகரின் கல்யாண மண்டபம் இருக்கிறது. மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் கால்வாயின் மேலேயே நிற்கிறது. அடியில் ஒரு குழாய் பதித்திருந்தார்கள். குழாய் கொள்கிற தண்ணீர் ஏரிக்குப் போகும், மிச்சம் தெருவுக்கு வரும். அதற்கு அனுமதி கொடுத்த காலத்தில் நான் வேறு ஊரில் வேலை பார்த்தேன். விசாரித்தபோது எல்லோருமே அப்போது வேறு ஊரில்தான் வேலை பார்த்திருக்கிறார்கள்.

தனசேகரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. தெருவில் தண்ணீர் ஏறினால் மண்டபத்தைத் திறந்துவிடுவார். பாய், போர்வை, மூன்று வேளையும் சாப்பாடு. கிரிவலம் வருகிறவர்களுக்கு அன்னதானம் போடும் அதே சமையல்காரர்கள்தான் சமைப்பார்கள். எங்கள் ஊரில் அன்னதானம் போடுகிறவரைப் பற்றி யாரும் குறை பேசமாட்டார்கள். சாப்பிட்டவர்கள் நிச்சயமாகப் பேசமாட்டார்கள்.

கூட்டத்துக்கு முன்பே அந்தத் தெருவிலிருந்து நூர்ஜஹான் என்னைப் பார்க்க வந்தார். வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். அவர் குடும்பம் தலைமுறையாக அங்கேதான் இருக்கிறது.

"மோட்டார் மிஷின் ரெண்டு வாட்டி தண்ணில போயிட்ச்சி மேடம். இன்னொரு வாட்டி போனா என்னால முடியாது. அந்தக் கமிட்டில என்னப் போடுங்க, நான் பேசறேன்" என்றார்.

கூட்டத்தில் உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள் என்று அனுப்பினேன்.

அந்தப் பக்கத்தில் கூட்டம் போட வேறு இடம் கிடையாது. தனசேகரே மண்டபத்தைக் கொடுத்தார். ஃபேன், மைக், காபி, வடை எல்லாம் தயார். உங்கள் தெருவுக்காக யார் பேச வேண்டும் என்று மைக்கில் கேட்டேன். முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, "வேற யாருங்க, எங்களுக்கு அண்ணன்தான்" என்றார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. கடைசி வரிசையில் நூர்ஜஹானின் கையும் உயர்ந்தது.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்தேன். "நீங்களே அவருக்குத் தூக்கிட்டீங்களே?"

"ஒரு கைல அவர் குடுத்த வடை இருக்குது மேடம். இன்னொரு கைய வேற யாருக்குத் தூக்கறது?" என்றார்.

ஆணையர், ஜனங்களே சொல்லிவிட்டார்கள், ஆர்டர் போடுங்கள் என்றார். கால்வாயின் மேல் யாருடைய கட்டடம் நிற்கிறது என்பதையும் கூட்டம் எங்கே நடந்தது என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். "சரி, இன்னொரு தடவை கூட்டுங்க. வேற எடத்துல. ஆனா நீங்க வாயத் தொறக்கக் கூடாது" என்றார்.

3. தெருவிலேயே

இரண்டாவது கூட்டத்தை ஏரிக்கரைத் தெருவிலேயே வைத்தேன். நாற்காலி இல்லை, காபி இல்லை. முந்தின நாள் தூறலுக்கே கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. தனசேகரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதே பெரியவர், "திரும்பத் திரும்ப எதுக்குங்க, அண்ணன்தான்" என்று ஆரம்பித்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

நூர்ஜஹான் முன்னால் வந்தார். அவர் எங்களைப் பார்த்துப் பேசவில்லை, தனசேகரைப் பார்த்துப் பேசினார்.

"அண்ணே, தண்ணி வந்தா எங்களுக்கு சோறு போடறது நீங்க. அத எந்நாளும் மறக்க மாட்டேன். இந்தக் கமிட்டி தண்ணியே வரக்கூடாதுன்றதுக்கு. அந்த வேலைய நான் பாக்கறேனே. ரெண்டும் நீங்களே எதுக்குச் செய்யணும்?"

எல்லோரும் தனசேகரைப் பார்த்தார்கள். தனசேகர் சிரித்தார். "செய்யட்டுமே, நல்லதுதான" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்த பிறகுதான் கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. அன்றைக்கே ஆர்டரை டைப் அடித்துக் கையெழுத்து வாங்கினேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

4. மழை

குழுவின் முதல் கூட்டத்துக்கு முன்னால் மழை வந்துவிட்டது. தெருவில் தண்ணீர் ஏறியபோது மண்டபம் பூட்டியிருந்தது. பெயிண்ட் வேலை நடக்கிறது என்றார் வாட்ச்மேன். உள்ளேயிருந்து பெயிண்ட் வாசனை வந்ததாக யாரும் சொல்லவில்லை.

ஜனங்களைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினோம். எங்கள் ஏற்பாட்டில் உப்புமா சாயங்காலம்தான் வந்தது. அதுவும் கம்மியாக வந்தது. குழந்தைகளை வைத்துக்கொண்டிருந்த பெண்கள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. நூர்ஜஹானைத்தான் சொன்னார்கள். "உன்னாலதான அண்ணன் கதவத் தொறக்கல" என்று ஒருத்தி அவர் முகத்துக்கு நேரே சொன்னாள். அவர் வயதானவர்களைக் கைப்பிடித்து அழைத்து வந்துகொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் வீட்டில் மிஷின் மூழ்கிவிட்டது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அன்றைக்கு வந்த மாதிரி கோபம் என்றைக்கும் வந்ததில்லை. அதை யார் மேல் காட்டுவது என்றும் தெரியவில்லை.

குழு கூடியபோது லாட்ஜ்காரர் சோலார் பற்றிப் பேசினார். வியாபாரிகள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் மரம் நடுவதை ஆதரித்தார்கள். நூர்ஜஹான் முறை வந்தது.

"போன வருசம் தண்ணி வந்துது, சோறும் வந்துது. இந்த வருசம் தண்ணி மட்டும் வந்துது. நான் மெம்பர் ஆனதுல எங்க தெருவுக்கு ஆனது இதுதான் சார். அந்தக் குழாய எப்ப எடுப்பீங்க?"

இன்ஜினியர் எஸ்டிமேட் தயாராகிக்கொண்டிருக்கிறது என்றார். "ஆவட்டும் சார். அதுவரைக்கும் நான் இங்கியே உக்காந்துனு இருக்கேன். வீட்டுல மிஷினும் இல்ல, வேலையும் இல்ல" என்றார் அவர். ஆணையர் இன்ஜினியரைப் பார்த்தார். கூட்டத்தை அப்படியே நிறுத்தி எல்லோரையும் ஜீப்பில் ஏற்றி மண்டபத்துக்குப் போனோம்.

நோட்டீஸ், பதில், மறுபடி நோட்டீஸ் என்று இழுத்து, கடைசியில் ஜேசிபி வந்து சாப்பாட்டுக் கூடத்தின் தரையை உடைத்தது. கால்வாய் திறந்தது. அடுத்த மழையில் தண்ணீர் ஏரிக்குப் போனது. நூர்ஜஹான் வேறு மிஷின் வாங்கி மறுபடி தைக்கிறார். தெருவில் பாதிப் பேர் அவரிடம் இன்னும் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பதில்லை. பக்கத்துத் தெருவில் கொடுத்துத் தைக்கிறார்கள். மழைக்காலத்திலும் காய்ந்த தரையில் நடந்து போய்த்தான் கொடுக்கிறார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. ஒரு தெருவிலிருந்து ஒருவரைக் குழுவில் போடுவதற்கு முன்னால், அடுத்த மழையில் அந்தத் தெரு எங்கே படுக்கும், வேளைக்கு என்ன சாப்பிடும் என்று ஏற்பாடு செய்துவிடுங்கள். ஆர்டரை அப்புறம் டைப் அடிக்கலாம்.