இரண்டாவது ஒயர்

எண்பதுகளின் கடைசியில், பள்ளிப்பட்டில் என் அக்கா வீட்டுக்காரர் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினார். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவரைப் பாவா என்றுதான் கூப்பிடுவேன். நான்கு பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தவர். பாட்டுக் கேட்பதற்காக அவர் அதை வாங்கவில்லை. தன்மேல் சொன்ன பழியைத் துடைக்க வாங்கினார்.

ஊரில் யாருக்கும் ஜால்ரா போடாத மனிதர், பஜனை கோஷ்டியில் மட்டும் போடுவார். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைப்படி ஏறும்போது கோஷ்டிக்கு முன்னால் அவர்தான் போவார். அதற்கு முந்தின ஆடியில், காது கிழிகிறது, அடுத்த வருஷம் வேறு ஆள் போடட்டும் என்று கோஷ்டிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பாவாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த பஜனையை யாரோ கேசட்டில் பதிந்திருந்தார்கள். அதை நல்ல ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினால் தன் கை அளவாகத்தான் விழுந்தது என்று எல்லோருக்கும் விளங்கிவிடும் என்பது அவர் கணக்கு.

எனக்கு அப்போது நாலு இங்கிலீஷ் எழுத்து படித்த திமிர். ஸ்பீக்கரோடு வந்த காகிதத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் மேலே இரண்டு திருகு, கீழே இரண்டு திருகு. இரண்டையும் இணைத்துப் பித்தளைத் தகடு. தகட்டைக் கழற்றிவிட்டு, மேளம் மாதிரிக் கனமான ஓசைக்குக் கீழே ஒரு ஒயர், ஜால்ரா மாதிரிச் சன்னமான ஓசைக்கு மேலே ஒரு ஒயர் என்று தனித்தனியாக இழுத்தால் ஒலி துலங்கும் என்று போட்டிருந்தது.

அமாவாசையன்று எங்கள் ஜனம் தறி ஓட்டாது. தெரு அமைதியாக இருந்தது. முதலில் தகட்டைக் கழற்றாமல், ஒற்றை ஒயரிலேயே கேசட்டைப் போட்டோம். ஜால்ரா கணீரென்று விழுந்தது. பாவாவோ, எவ்வளவு அடக்கமாக இருக்கிறது பார், இதையா பலம் என்கிறார்கள் என்று என்னிடம் நியாயம் கேட்டார். தெளிவு போதவில்லை என்கிறார் போல என்று நினைத்து, இரண்டு ஒயர் போட்டே தீரவேண்டும் என்று நின்றேன். இரண்டும் ஒரே ஆம்ப்ளிஃபையரிலிருந்து கிளம்பும்போது புதுசாக என்ன வந்துவிடும், ஒரே தார்க்குச்சியில் சுற்றிய நூலை இரண்டாகப் பிரித்தால் சாயம் மாறுமா என்று அவர் சிரித்தார்.

தகடுகளைக் கழற்றிக் கீழ் ஒயரை மட்டும் மாட்டினேன். அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க டேப்பை ஓடவிட்டேன். மிருதங்கம் திம் திம் என்றது. ஜால்ரா சுத்தமாக இல்லை. இருக்காது, அதற்கான ஒயர் என் கையில் இருந்தது.

பாவா தொடையில் தாளம் போட்டுக்கொண்டே சொன்னார்: "ரெண்டு ஒயர் போட்டும் அப்டியேதான் கீது மச்சான். வித்தியாசமே தெரில."

அக்காவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் எப்போதும் அவர் முகத்துக்கு நேராக நின்றே பேசுவாள். தறிச் சத்தத்தில் வாயசைவைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள், வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மேல் ஒயரை மாட்டினேன். ஜால்ரா பாய்ந்து வந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு ஒவ்வொரு தட்டுக்கும் கண் சிமிட்டியது. அவளால் அடக்க முடியவில்லை. முகம் பார்த்தே பேச்சைப் பிடிக்கிற மனிதர் அதைக் கவனித்துவிட்டார். தொடையில் போட்ட தாளம் நின்றது.

"அவ்ளோ பலமாவா கீது?" என்று அக்காவைக் கேட்டார்.

"ஆங்" என்று அவள் உதட்டை மட்டும் அசைத்தாள்.

ஒயர் ஒன்றா இரண்டா என்று அதன்பிறகு நாங்கள் பேசவில்லை. இரண்டாவதால் ஒலி துலங்கியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு அவரே கோஷ்டிக்காரர்களிடம் போய், இந்த ஒரு முறை மட்டும் என்று கேட்டு ஜால்ராவை வாங்கிக்கொண்டார். அக்கா மலைப்படியில் அவருக்கு எதிர்முகமாக, பின்பக்கமாகவே ஏறினாள். விழுந்துவிடாமல் நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் கண் சிமிட்டினால் அவர் கை தாழ்ந்தது. மேலே போய்ச் சேரும்வரை யாரும் காதைப் பொத்தவில்லை.