உயிரோடிருக்க என்ன ஃபார்மேட்?

சேதராப்பட்டு தெய்வசிகாமணி நாற்பது வயதுவரை தொழிற்பேட்டையில் மெஷின் ஓட்டினார். கம்பெனி மூடியதும் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, நெல்லித்தோப்பில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து வெப்சைட் செய்துகொடுக்க ஆரம்பித்தார். கெட்டிக்காரர்தான். ஒரே குறை, எதிரே யாராவது முகத்தைச் சுளித்தால் அவருக்குத் தாங்காது.

பிரெஞ்சு அரசின் பென்ஷன் வாங்கும் உள்ளூர்க்காரர்களின் சங்கம் ஒன்றுக்கு அவர் ஒரு தளம் செய்தார். தாங்கள் உயிரோடிருப்பதாக ஆண்டுதோறும் அவர்கள் பிரான்சுக்குச் சான்றிதழ் அனுப்பியாக வேண்டும். தவறினால் பென்ஷன் நின்றுவிடும். சான்றிதழையும் பாஸ்போர்ட் நகலையும் தளத்தில் ஏற்றினால் மற்றதைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். பிடிஎஃப் தவிர வேறெதையும் தளம் வாங்காது.

ஜான்-பத்திஸ்த் அந்தச் சங்கத்தில் எண்பத்தொரு வயது மாஜிப் பட்டாளத்துக்காரர். சான்றிதழைக் கையில் பிடித்தபடி தன்னையே வீடியோ எடுத்து ஏற்றிப் பார்த்தார். தளம் தள்ளிவிட்டது. கோபமாகப் படியேறி வந்துவிட்டார்.

"உசுரோட இருக்கறதுக்கு இன்னாய்யா ஃபார்மேட்டு? வர்றத வாங்கிக்கச் சொல்லு."

"சரிங்க முசியே, எடுத்துடறேன்."

அன்று மாலையே தெய்வசிகாமணி அந்தத் தடையை எடுத்தார். வீடியோ ஏறியது. எல்லோருக்கும் சந்தோஷம்.

பதினோராம் நாள், சான்றிதழ் என்ற பெயரில் ஒரு திருட்டு புரோகிராம் ஏறியது. தளம் அதையும் மரியாதையாக வாங்கிவைத்தது. வெளியிலிருந்து எவனோ தட்டியதும் ஓட்டியும் விட்டது. வந்த கோப்புகளைத் தனியே பூட்டிவைக்காமல் தளத்துக்குள்ளேயே போட்டிருந்தது அடுத்த முட்டாள்தனம். நூற்று நாற்பது பேரின் பாஸ்போர்ட் நகல்கள் களவுபோயின, சான்றிதழ்கள் அழிந்தன. கெடு முடிய நான்கு நாள்.

தெய்வசிகாமணி தளத்தை மூடிவிட்டு வீடு வீடாகப் போனார். "தப்பு என்னோடதுங்க" என்று நடந்ததைச் சொல்லி, வீட்டிலிருந்த அசலைப் படமெடுத்துக்கொண்டார். சிலர் திட்டினார்கள். ஓர் அம்மாள் அழுதார்.

கடைசி நாள், கடைசி வீடு. ஜான்-பத்திஸ்த் கேட்டுக்கு உள்பக்கம் நின்றபடி கண்ணாடியை மாட்டினார்.

"கார்டக் காட்டு."

"நான்தாங்க முசியே, வெப்சைட்டு தெய்வசிகாமணி."

"தெரியுது. கார்டு?"

ஆதாரை நீட்டினார். கிழவர் படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"கேட் டியூட்டில நின்னப்ப கர்னல் வந்தாக்கூட கார்டு பாக்காம உட்டதில்ல நானு. எவனோ ஒரு கெழவன் சத்தம் போட்டான்னு நீ எப்பிடிய்யா தொறந்துட்ட?"

கிழவர் சான்றிதழைக் கம்பிக்கிடையே நீட்டினார். அதுதான் நூற்று நாற்பதாவது. எல்லாம் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தன. கேட்டை மட்டும் கிழவர் கடைசிவரை திறக்கவில்லை.