சார் என்ன சொன்னாக?

அடைக்கலமேரி சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். காரைக்குடி செக்காலையில் தனி வீடு, பிள்ளைகுட்டி கிடையாது. கணவர் ஜோசப் ராஜ் இறந்த பிறகு அந்த வீட்டுக்குள் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லாமல் போயிற்று. அதனால்தான், கல்யாண மண்டபத்தில் ஒரு வாரத்துக்குக் கால் அமுக்கும் மெஷின் அறிமுக விழா, அனுமதி இலவசம் என்று ஆட்டோவில் கூவிக்கொண்டு போனதும் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பேச்சு சகிக்கவில்லை. பேசிய ஈஸ்வரன் பக்கத்துத் தேவகோட்டைக்காரன்தான். மேடை ஏறியதும் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு தமிழ் அவன் வாயில் வந்தது. உலகத்திலேயே முதன்முறையாக என்றான். கை தட்டச் சொன்னான். தட்டினால், சத்தம் போதாது என்று திரும்பவும் தட்டச் சொன்னான். கால் வலிக்கிறது என்று வந்தவர்களுக்குக் கையையும் வலிக்க வைப்பது என்ன வியாபாரமோ! அடைக்கலமேரி எழுந்து போய்விடத்தான் பார்த்தாள்.

அந்நேரம் அவன் மைக்கை வைத்துவிட்டு இறங்கி வந்து, அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான். அவள் காலை எடுத்து மெஷினுக்குள் வைத்து, "எந்த எடத்துலம்மா வலிக்குது?" என்று மெதுவாகக் கேட்டான். அத்தனை நேரம் கத்தியும் நடக்காத காரியம் அந்த ஒரு கேள்வியில் நடந்துவிட்டது. வாங்கிவிடலாம் என்றே நினைத்தாள். ஆனால் வாங்கிவிட்டால் நாளைக்கு எந்தச் சாக்கில் இங்கே வருவது?

"வீட்ல அவுகள்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன் தம்பி" என்றாள்.

மறுநாள், கரண்டு பில் எகிறும் என்று அவுக சொல்வதாகச் சொன்னாள். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் ஜோசப் ராஜ் உண்மையிலேயே வீட்டை ரெண்டாக்கிவிடுவார். ஈஸ்வரன் கணக்குப் போட்டுக் காட்டினான். அடுத்த நாள், ரிப்பேரானால் யார் வந்து பார்ப்பது என்று அவுக கேட்டதாகச் சொன்னாள். அவன் அதற்கும் சளைக்கவில்லை. அவள் தலையைக் கண்டதுமே "சார் என்ன சொன்னாக?" என்பான். அந்தக் கேள்விக்காகவே அவள் காலையில் சீக்கிரம் குளித்தாள். செத்துப்போன மனுஷனோடு ஒருவன் இப்படி மல்லுக்கட்டுவதைக் கேட்கக் கேட்க, ஜோசப் ராஜ் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு இருப்பதாகவே அவளுக்குத் தோன்றியது.

கடைசி நாள் மண்டபத்தில் பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஈஸ்வரன் களைத்துப்போய் அவள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான்.

"எம்புட்டோ பேரப் பேசியே வழிக்குக் கொண்டாந்திருக்கேம்மா. உங்க சார மட்டும் அசைக்க முடியல. முடிவா என்னதான் சொல்றாக?"

அவர் வாயில் வைக்க இன்னும் ஒரு மறுப்பைத் தேடினாள் அடைக்கலமேரி. கிடைக்கவில்லை. எதெதற்கோ மூக்கால் அழுத மனுஷன், அவளுக்கு வலி என்றால் மட்டும் யோசித்ததே இல்லை. இத்தனை நாளும் அவரைக் கல்நெஞ்சுக்காரராக்கி வைத்திருந்தது அவளுக்கே பொறுக்கவில்லை.

"அவுக இருந்திருந்தா மொத நாளே வாங்கித் தந்திருப்பாக தம்பி" என்றாள்.