வலது கைச் சுண்டுவிரல்

ஆபரேஷனுக்கு முன் பரிசோதனைக்குப் போகிறவர்கள் நகத்தில் பாலீஷ் போட்டுக்கொண்டு போகாதீர்கள். நான் போனேன்.

இரணியல் பக்கம் ஓர் அண்டியாபீஸில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், கொட்டை உடைக்கிறேன். தோட்டின் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்துவிடும். எந்தச் சோப்புக்கும் அது அசையாது. கொட்டையைப் பிடிக்கிற இடது கைதான் மோசம். ஆஸ்பத்திரியில் மானம் போகக் கூடாது என்று என் மகள் சுஜா முந்தின நாள் பத்து நகத்துக்கும் சிவப்புப் பாலீஷ் போட்டுவிட்டாள்.

எனக்கு ஃபைப்ராய்டு (கருப்பையில் வளரும், புற்றுநோய் அல்லாத கட்டி). மாதத்தில் பத்து நாள் உதிரம் கொட்டும். கருப்பையை எடுக்க மூன்று மாதம் கழித்து நாள் குறித்து, இரும்புச்சத்து மாத்திரை தந்து, ஒரு மாதத்தில் ரத்தம் பரிசோதிக்கச் சொன்னார்கள். இருக்கிற ரத்தமே போதவில்லை, அதிலும் ஊசி போட்டு எடுக்கிறார்களே என்ற எரிச்சலில் நான் போகவில்லை.

என் வீட்டுக்காரர் சவூதியில் டிரைவர். இந்த ஆபரேஷனுக்காகவே நாற்பது நாள் லீவில் வந்திருந்தார். மயக்கம் தெளியும்போது அவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பு நர்ஸ் ஒரு சின்ன கிளிப்பைக் கொண்டுவந்தார். விரலில் மாட்டினால் ஒளியை உள்ளே செலுத்தி ஹீமோகுளோபினை (ரத்தத்தில் உயிர்க்காற்றைச் சுமக்கும் சத்து) அளக்குமாம். குத்த வேண்டாம் என்றதால்தான் கையை நீட்டினேன். திரையில் வெறும் கோடுகள். விரலை மாற்றினார், மறுபடியும் கோடுகள்.

"சேச்சி, கறையும் பாலீஷும் வெளிச்சத்த மறைக்குது, கேட்டியளா" என்று சொல்லிப் பஞ்சால் துடைத்தார். கறை படாத ஒரே விரல் வலது கைச் சுண்டுவிரல். சிவப்பு போனதும் உள்ளேயிருந்த நகத்தைப் பார்த்தேன். வெள்ளைக் காகிதம். அதில் மாட்டியதும் எண் வந்தது: ஏழு புள்ளி இரண்டு.

டாக்டரம்மா என் கையிலிருந்து ரத்தமும் எடுத்துச் சரிபார்த்தார். ஏழுதான். "பன்னிரண்டு இருக்கணும். அவசர ஆபரேஷன் இல்லையே, தள்ளி வைப்போம். மாத்திரையை எப்படிச் சாப்பிட்டீங்க?"

"காலத்தே கட்டஞ்சாயா குடிக்கப்போ, அதோட சேத்து முழுங்குவேன்."

அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். காலையில் நான் குடிக்கும் அந்தப் பால் விடாத தேநீர் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாதாம். மூன்று மாதமாக ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கியிருக்கிறேன்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. "இவரு அடுத்த மாசம் போயிருவாரு டாக்டர். அந்த மெஷினுக்குத் தெரியுமா அது?" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் என் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏட்டி, நான் பக்கத்துல இருந்தா மட்டும் ரத்தம் ஊறுமா? நீ முழிக்கணும். அது போதும் எனக்கு" என்றார். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். உதிரப்போக்கைக் குறைக்கவும் மருந்து தந்தார்கள். கட்டஞ்சாயாவை மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் தள்ளி வைத்தேன். அவர் சவூதிக்குப் போனார். அதன் பிறகு வாட்ஸ்அப்பில் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு, "இப்ப எத்ர?" என்று ரத்தம் எவ்வளவு என்பதை மட்டும் கேட்பார். ஒன்பது என்பேன். பத்தரை என்பேன். பதினொன்றரை வந்ததும் டாக்டரம்மா சம்மதித்தார்.

பிறர் ரத்தம் ஒரு பாட்டில்கூட ஏற்றாமல் ஆபரேஷன் முடிந்தது. கண்ணைத் திறந்தபோது சுஜா போனை என் காதில் வைத்திருந்தாள். "முழிச்சியா?" என்றது அவர் குரல். அந்த கிளிப்புக்கும், பொறுமையாகப் பஞ்சால் துடைத்த நர்ஸுக்கும், என் கத்தலுக்கு அசையாத டாக்டரம்மாவுக்கும் எப்படி நன்றி சொல்வேன்!

முன்பு என் மாதத்துக்கு இருபது நாள்தான். இப்போது முப்பதும் என்னுடையவை. படியேறினால் மூச்சு வாங்குவது வயதால் என்று நினைத்திருந்தேன், இப்போது அதுவும் இல்லை. அண்டியாபீஸுக்குத் திரும்பிவிட்டேன், விரல்களும் பழையபடி கறுத்துவிட்டன. வலது கைச் சுண்டுவிரலில் மட்டும் துணி சுற்றிக்கொள்கிறேன். சாயங்காலம் அவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். நகம் சிவந்திருக்கிறது, பாலீஷ் இல்லாமலே.